பொங்காத மாவும் பழி சுமக்கும் ஈஸ்ட்டும்

ஒரு லிட்டர் தண்ணீர், 50 முதல் 55 கிராம் கடல் உப்பு, ஏறக்குறைய 1,800 கிராம் கோதுமை மாவு, மூன்றே மூன்று கிராம் ஈஸ்ட். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பாரம்பரியப் பீட்சாவுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கொண்டுவந்த 97/2010 எண்ணுள்ள ஒழுங்குவிதி சொல்லும் அளவு இது. அதில் குறிப்பிடப்படுவது கடையில் குருணையாகக் கிடைக்கும் உலர் ஈஸ்ட் இல்லை. எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீரே இருக்கும் கட்டி ஈஸ்ட். உலர் ஈஸ்ட்டாக எடுத்தால் ஒரு கிராம் போதும். பன்னிரண்டு பதின்மூன்று பீட்சாவுக்கு ஆகும் மாவை அந்த ஒரு கிராம் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் பக்குவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

வீட்டில் பீட்சா செய்பவர்கள் கையில் இருக்கும் செய்முறையோ பெரும்பாலும் வேறு மாதிரி. அரைக் கிலோ மைதாவுக்கு 7 கிராம் பாக்கெட் ஒன்றை முழுதாகக் கொட்டச் சொல்கிறது. நேப்பிள்ஸ் கணக்கோடு வைத்துப் பார்த்தால் இருபது மடங்குக்கும் மேல். அவ்வளவு போட்டும் ‘மாவு எழும்பவே இல்லை’, ‘நல்லாப் பொங்கி வந்து அப்படியே அமுங்கிடுச்சு’, ‘அப்பளம் மாதிரி தட்டையா வெந்துடுச்சு’ என்ற புலம்பல்கள் ஓய்வதில்லை. பழி உடனே ஈஸ்ட்டின் மேல் விழுகிறது. பழைய சரக்கு, செத்துப்போனது, பிராண்டு சரியில்லை. அடுத்த முறை இன்னும் அரை ஸ்பூன் கூடுதலாகப் போகிறது. அதனால் நிலைமை இன்னும் கெடுவதுதான் வழக்கம். ஏனென்றால் பெரும்பாலான நேரங்களில் ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கிறது. அதற்குக் கிடைத்த சூடும் நேரமும், அது விடும் வாயுவைப் பிடித்துவைக்க வேண்டிய மாவும்தான் பொருந்தாமல் போகின்றன.

ஈஸ்ட் ஒரு பூஞ்சை. ரொட்டிக்குப் பயன்படும் இனத்தின் அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ஒற்றைச் செல் உயிர். நூறு செல்களை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. 1680-இல் டெல்ஃப்ட் நகரத்தின் லேவன்ஹூக் தன் நுண்ணோக்கியில் பீர்த் துளியை வைத்துப் பார்த்தபோது சிறுசிறு உருண்டைகளைக் கண்டார். அவை உயிருள்ளவை என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1830-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் தியோடர் ஷ்வான், ஃபிரீட்ரிஷ் கியூட்சிங், பிரான்சின் காக்னியார் தெ லா தூர் ஆகிய மூவரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள்: ஈஸ்ட் மொட்டுவிட்டுப் பெருகும் உயிர். அந்தக் காலத்து வேதியியலின் பெரிய தலைகள் இதை ஏற்கவில்லை. லூயி பாஸ்டரின் சோதனைகள் 1850-களிலும் 60-களிலும் வந்த பிறகுதான் வாதம் ஓய்ந்தது.

ஓய்ந்த வாதத்தை எடுவார்ட் புக்னர் 1897-இல் வேறு பக்கமாகத் திருப்பினார். ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து, உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாத சாற்றை எடுத்துச் சர்க்கரையில் விட்டார். குமிழிகள் வந்தன. செல் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்க்கரையை உடைப்பது அதற்குள் இருக்கும் நொதிகள் என்று தெரிந்தது. 1907-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பீட்சா மாவு பிசைபவருக்கும் இந்தக் கண்டுபிடிப்பு நேராக உதவும். மாவில் நடப்பது நொதிகளின் வேலை. நொதிகள் சூட்டுக்குக் கட்டுப்பட்டவை. சூடு கொஞ்சம் ஏறினால் வேகம் சட்டென்று ஏறும், எல்லை தாண்டினால் எல்லாமே நின்றுபோகும்.

சர்க்கரை போதவில்லை என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைந்தால் இரண்டு எத்தனால் மூலக்கூறும் இரண்டு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும் கிடைக்கும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் முழுவதும் தின்று தீர்த்தால் ஒரு லிட்டருக்கு மேல் வாயு வரும். அரைக் கிலோ மைதாவைப் பிசைந்து உருட்டினால் அந்த உருண்டையின் அளவே முக்கால் லிட்டருக்குள்தான். இரண்டு மடங்காக அதற்கு இன்னொரு முக்கால் லிட்டர் வாயு போதும். அதற்கு வேண்டிய தீனி மாவிலேயே இருக்கிறது. கோதுமை மாவில் இயல்பாகவே ஒன்றிரண்டு சதவீதம் சர்க்கரைகள் உண்டு. ஆலையில் அரைபடும்போது நசுங்கிய ஸ்டார்ச்சை மாவிலுள்ள அமைலேஸ் நொதி மால்ட்டோஸாக வெட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். நேப்பிள்ஸ் விதியில் சர்க்கரை என்ற பேச்சே கிடையாது.

சர்க்கரை ஒரு ஸ்பூன் சேர்த்தால் கெடுதல் இல்லை. தொடக்கத்தில் கொஞ்சம் விரைவாக எழும்பும், மேல்தோல் நன்றாகச் சிவக்கும். மாவின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டும்போதுதான் விபரீதம். அடர்ந்த சர்க்கரைக் கரைசல் ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது; தாகத்தில் இருக்கும் செல் வேகமாக வேலை செய்யாது. இனிப்பு பன்னுக்கென்றே சர்க்கரையைத் தாங்கும் தனி ஈஸ்ட் வகைகள் விற்கின்றன. பீட்சாவுக்கு அவை தேவையில்லை.

சரி, ஈஸ்ட் உண்மையிலேயே செத்திருக்க வாய்ப்பே இல்லையா? இருக்கிறது. உலர் ஈஸ்ட்டுக்கு மூன்று எதிரிகள்: ஈரம், காற்று, வெப்பம். பாக்கெட் திறக்காதவரை பெரிதாகக் கவலையில்லை. ஒருமுறை வெட்டி, மூலையை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்துவிட்டால் நம்மூர் ஈரக்காற்றில் அது வாரக்கணக்கில் சோர்ந்துகொண்டே போகும். காற்றுப் புகாத சிறு பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். எடுக்கும் ஸ்பூன் உலர்ந்திருக்க வேண்டும். இன்னொரு குழப்பம் சமீபத்தில் சேர்ந்திருக்கிறது. ‘நியூட்ரிஷனல் ஈஸ்ட்’ என்று சத்துணவாக விற்கப்படும் மஞ்சள் நிறச் செதில்கள் சூட்டில் கொன்று உலர்த்தப்பட்டவை. அவற்றை எவ்வளவு கொட்டினாலும் மாவு அசையாது.

சந்தேகம் வந்தால் சோதித்துவிடுவது நல்லது. ஒரு கண்ணாடி டம்ளரில் நூறு மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். குருணைகள் முதலில் மேலே மிதக்கும். சற்று நேரத்தில் ஓரம் கரைந்து, பழுப்பு நிறத்தில் இழை இழையாக அடியில் இறங்கும். அப்புறம் அடியிலிருந்து திட்டுத்திட்டாக மேலே வந்து மேற்பரப்பில் விரியும். பத்து நிமிடத்துக்குள் அரை அங்குலத்துக்குக் குறையாத நுரை கட்டி, ரொட்டிக்கடையைக் கடந்துபோகும்போது வருமே, அந்த வாசனை வரவேண்டும். கால் மணி நேரம் ஆகியும் கலங்கிய தண்ணீராகவே இருந்தால் அந்தப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு பயனில்லை.

இந்தச் சோதனையை முழுக்க நம்பிவிடவும் கூடாது. பாதி செல்கள் செத்துப்போன பாக்கெட்டும் நுரைக்கும். கொஞ்சம் தாமதமாக நுரைக்கும், அவ்வளவுதான். டம்ளரில் ஈஸ்ட்டுக்குக் கிடைப்பது வெள்ளைச் சர்க்கரை. செல்லுக்கு வெளியிலேயே அதை உடைத்து உடனே தின்னத் தொடங்கிவிடும். மாவிலோ முதலில் இருக்கும் கொஞ்சம் சர்க்கரை தீர்ந்ததும் மால்ட்டோஸுக்கு மாற வேண்டும். மால்ட்டோஸை உள்ளே கொண்டுபோக ஒரு தனிப் புரதமும், உடைக்க ஒரு தனி நொதியும் ஈஸ்ட் புதிதாகத் தயாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சர்க்கரை சேர்க்காத மாவு நடுவில் கொஞ்ச நேரம் சோம்பிப்போனதுபோல் தெரிவது இதனால்தான். அந்த நேரத்தில் பொறுமையிழந்து இன்னும் ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்றுவது நிறையப் பேர் செய்யும் தவறு.

வெதுவெதுப்பு என்றால் எவ்வளவு? இங்கேதான் அதிகமான ஈஸ்ட் கொல்லப்படுகிறது. சாதாரண உலர் ஈஸ்ட்டை ஊறவைக்க 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் சரியான சூடு. 55-ஐ நெருங்கும்போது செல்கள் சாகத் தொடங்கும். 60-இல் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. விரலுக்கு 50 டிகிரி தண்ணீரும் ‘நல்ல வெதுவெதுப்பு’ என்றுதான் படும், அதிலும் தினமும் சூடான பாத்திரம் பிடித்துப் பழகிய விரலுக்கு. மணிக்கட்டின் உட்பக்கத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பது மேல். அதைவிட நம்பகமானது கலவைக் கணக்கு. குழாயில் வரும் தண்ணீர் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதில் ஐந்து பங்குக்குக் கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு சேர்த்தால் 42 டிகிரிக்குச் சற்றுக் கீழே வரும். இரண்டுக்கு ஒன்று என்று கலந்தால் 53-ஐத் தாண்டிவிடும். ஈஸ்ட்டுக்கு அது கொதிகலன்.

அப்படியானால் குளிர்ந்த தண்ணீர் பாதுகாப்பு என்று தோன்றும். உலர் ஈஸ்ட்டின் விஷயத்தில் அதுவும் சரியில்லை. காய்ந்துபோன செல் உயிர் தாங்கி நிற்பதற்குக் காரணம் டிரெஹலோஸ் என்ற சர்க்கரை. தண்ணீர் வெளியேறும்போது அது செல் சவ்வின் இடைவெளிகளில் உட்கார்ந்து, சவ்வு நொறுங்காமல் காக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜான் குரோ, லோயிஸ் குரோ ஆகியோரின் குழு இதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. உலர்ந்த சவ்வு குளிரில் இறுகியிருக்கும். அந்த நிலையில் தண்ணீர் பட்டால், அது இளகும் நேரத்தில் சீராக மூடிக்கொள்ள முடியாமல் ஓட்டைகள் விழுந்து உள்ளிருப்பது கசிகிறது. 40 டிகிரி வெதுவெதுப்பில் சவ்வு ஏற்கெனவே இளகியிருப்பதால் கசிவு குறைவு. கசிந்து வெளியேறும் பொருள்களில் ஒன்று குளூட்டாதையோன். அது கோதுமைப் புரதத்தின் பிணைப்புகளை அறுக்கும். மாவு எவ்வளவு பிசைந்தாலும் பிசுபிசுவென்று கையில் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் அறுந்துபோனால், பழைய ஈஸ்ட்டிலோ குளிரில் ஊறிய ஈஸ்ட்டிலோ செத்த செல்கள் அதிகம் இருந்திருக்கலாம். நிறையப் பேர் இதற்கு மருந்தாக மேலும் மேலும் மாவைத் தூவி, கடைசியில் கட்டியாக ஒரு பீட்சாவை எடுப்பார்கள்.

‘இன்ஸ்டன்ட்’ என்று எழுதியிருக்கும் ஈஸ்ட் வேறு தயாரிப்பு. சாதாரண உலர் ஈஸ்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், படைவீரர்களுக்குக் குளிர்பதனம் இல்லாமல் ரொட்டி சுட வேண்டியிருந்ததால் அமெரிக்காவில் உருவானது. அதன் குருணைகள் பெரியவை. வெளிப்புறத்தில் செத்த செல்கள் ஒரு தோல்போல மூடியிருக்கும், ஊறவைத்தால்தான் அது கரையும். பிரான்சின் லெசாஃப்ர் நிறுவனம் 1970-களில் கொண்டுவந்த இன்ஸ்டன்ட் வகை மென்மையாக, விரைவாக உலர்த்தப்பட்டது. நுண்ணிய குச்சிகளாக இருக்கும். அதை நேராக உலர்ந்த மாவில் கலந்துவிடலாம். பிசையும்போதே ஊறிவிடும். இரண்டு வகைக்கும் ஒரே செய்முறையைப் பின்பற்றுவது குழப்பத்துக்கு வழி. பாக்கெட்டில் எது என்று படித்துவிட்டுத் தொடங்குவதே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பு பட்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. கட்டி ஈஸ்ட்டின் மேல் உப்பைத் தூவித் தேய்த்தால் கண்ணெதிரே அது கூழாகி ஓடும். செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறுவதன் காட்சி அது. ஆனால் மாவு முழுக்கப் பரவிய பிறகு உப்பு இரண்டு மூன்று சதவீதம்தான். அது ஈஸ்ட்டைக் கொல்லாது, நிதானப்படுத்தும். நேப்பிள்ஸ் முறையில் உப்பு முதலிலேயே தண்ணீரில் கரைக்கப்படுகிறது. அதில் மொத்த மாவில் பத்தில் ஒரு பங்கைக் கலக்கிய பிறகே ஈஸ்ட் சேர்கிறது. மாவு நடுவில் நின்று உப்பின் வேகத்தைத் தணிக்கிறது. உப்பை அடியோடு மறந்தால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்: மாவு கட்டுக்கடங்காமல் எழும்பும், கையில் எடுத்தால் தொளதொளவென்று சரியும்.

இனி சூட்டுக்கு வரலாம். தமிழ்நாட்டில் பீட்சா மாவு கெடுவதற்கு முதல் காரணம் இதுவாகத்தான் இருக்க முடியும். உலகம் முழுக்கப் புழங்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை 20, 22 டிகிரி அறையில் எழுதப்பட்டவை. நேப்பிள்ஸ் விதியே 25 டிகிரி என்று அறையின் வெப்பத்தைச் சொல்லிவிடுகிறது. மே மாதச் சென்னையில் மின்விசிறி ஓடும் சமையலறைகூட 34, 35-இல் நிற்கும். இந்த எல்லைக்குள் பத்து டிகிரி கூடினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். அங்கே இரண்டு மணி நேரம் ஆகும் வேலை இங்கே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதோடு ஈஸ்ட்டும் இருபது மடங்கு. ‘இரண்டு மணி நேரம் மூடி வைக்கவும்’ என்று படித்துவிட்டு மாவை மூடிவைத்து, மார்க்கெட்டுக்குப் போய்வந்து திறக்கும்போது அது பொங்கி முடித்து, உச்சிக்குப் போய், நடுவில் குழிவிழுந்து கிடக்கும். பார்ப்பவர் எழும்பவே இல்லை என்று முடிவு கட்டுகிறார். பாத்திரத்தின் சுவரில் மேலே வரை ஒட்டியிருக்கும் மாவுத் தடத்தைப் பார்த்தால் உண்மை தெரியும்.

ரொட்டிக்கடைக்காரர்கள் இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். பிசைந்து முடித்த மாவின் சூடு எவ்வளவு இருக்க வேண்டுமோ அதை மூன்றால் பெருக்க வேண்டும். அதிலிருந்து அறையின் சூட்டையும் பிசையாத உலர் மாவின் சூட்டையும் கழித்தால் ஊற்ற வேண்டிய தண்ணீரின் சூடு கிடைக்கும். 25 டிகிரி மாவு வேண்டும் என்றால் 75. அறை 33, டப்பாவில் இருக்கும் மைதாவும் 33. மிச்சம் 9. அதாவது ஃப்ரிட்ஜ் தண்ணீர். மிக்ஸியிலோ ஃபுட் பிராசஸரிலோ பிசைந்தால் உராய்வு மேலும் சில டிகிரி ஏற்றிவிடும், அதற்கு இன்னும் குளிர்ந்த தண்ணீர் தேவை. எல்லாச் செய்முறையும் வெந்நீரைச் சொல்லும்போது வெயில் காலச் சமையலறை கேட்பது ஜில்லென்ற தண்ணீரை. முன்னே சொன்ன கசிவுப் பிரச்சினை வராமலிருக்க, இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை முதலில் மாவில் கலந்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றலாம். சாதாரண உலர் ஈஸ்ட் என்றால் மூன்று நான்கு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு, மீதித் தண்ணீரைக் குளிராக ஊற்றலாம்.

ஈஸ்ட்டின் அளவையும் துணிந்து குறைக்கலாம். அரைக் கிலோ மாவுக்கு அரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கோடையில் தாராளம். பொழுதும் ஃப்ரிட்ஜில் இடமும் இருப்பவர்கள் இன்னும் குறைத்து, மாவை ஒரு நாளோ இரண்டு நாளோ குளிரில் வைக்கலாம். 4 டிகிரியில் ஈஸ்ட் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். ஆனால் மாவின் நொதிகள் மெதுவாக ஸ்டார்ச்சையும் புரதத்தையும் வெட்டிக்கொண்டிருக்கும். மணமும் ருசியும் ஏறும், மாவு தானாகவே இளகும். இங்கும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய உருண்டையாக அப்படியே உள்ளே வைத்தால் அதன் நடுப்பகுதி குளிர்வதற்கே சில மணி நேரம் ஆகும், அதுவரை பொங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பீட்சாவுக்கு ஆகும் சிறு உருண்டைகளாகப் பிரித்து, எண்ணெய் தடவிய டப்பாக்களில் வைப்பதே நல்லது.

கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பார்க்கப் பழக ஒரு வழி இருக்கிறது. பிசைந்து முடித்ததும் நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி, நேரான சுவருள்ள கண்ணாடி டம்ளரின் அடியில் சமமாக அமுக்கி, அதன் உயரத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி, பெரிய மாவின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். வளைந்த பாத்திரத்தில் இரண்டு மடங்கு எது என்று கண் ஏமாறும். நேரான டம்ளரில் ஏமாறாது. உலர் மாவில் தொட்ட விரலால் மெல்லக் குத்தியும் பார்க்கலாம். குழி உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி மூடினால் பக்குவம். மூடவே மூடாமல் சுற்றுப்புறமும் சேர்ந்து அமுங்கினால் தாண்டிவிட்டது.

ஈஸ்ட் தன் வேலையைச் சரியாகச் செய்தும் மாவு எழும்பாமல் போகலாம். வாயு உண்டாவது ஒன்று, அது உள்ளேயே தங்குவது இன்னொன்று. 1941-இல் பேக்கர், மைஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ரொட்டி மாவின் குமிழிகள் எங்கிருந்து வருகின்றன என்று சோதித்தார்கள். பலரும் நினைப்பதுபோல் ஈஸ்ட் புதிய குமிழிகளை உண்டாக்குவதில்லை என்று தெரிந்தது. பிசையும்போது மாவுக்குள் சிக்கும் காற்றுதான் குமிழிகளின் வித்து. அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஈஸ்ட் சீக்கிரமே தீர்த்துவிடும். நைட்ரஜன் மட்டும் நுண்குமிழிகளாக மிஞ்சும். ஈஸ்ட் விடும் கார்பன் டை ஆக்சைடு முதலில் மாவின் ஈரத்தில் கரைந்து, பிறகு அந்த நுண்குமிழிகளுக்குள் புகுந்து அவற்றை ஊதுகிறது. வெற்றிடத்தில் பிசைந்த மாவில் ஊதுவதற்கு வித்தே இல்லாமல் போனது. பிசைவது மாவை ஒன்றுசேர்க்க மட்டும் இல்லை, காற்றை விதைப்பதற்கும்தான் என்பது இதிலிருந்து விளங்கும்.

அந்தக் குமிழிகளின் சுவர் குளூட்டன். கோதுமை மாவைத் தண்ணீரில் கசக்கிக் கழுவினால் மிஞ்சும் ரப்பர் போன்ற பொருளைப் பற்றி இத்தாலியின் பொலோனியா நகரத்து பெக்காரி எழுதிய கட்டுரை 1745-இல் வெளிவந்தது. கிளையாடின், குளூட்டெனின் என்ற இரண்டு வகைப் புரதங்கள் தண்ணீரிலும் பிசைவிலும் பின்னிக்கொண்டு அந்த வலையை உண்டாக்குகின்றன. நேப்பிள்ஸ் விதி 11 முதல் 12.5 சதவீதம் புரதமுள்ள மாவைக் கேட்கிறது. மைதா பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள். 10-க்குக் கீழே போனால் அது கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் ஏற்றது. பிசைந்தது போதுமா என்று அறிய ஒரு சின்ன உருண்டையை இரண்டு கை விரல்களாலும் மெல்ல இழுக்க வேண்டும். கிழியாமல், பின்னால் இருக்கும் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய ஜவ்வாக விரிந்தால் போதும். உடனே அறுந்தால் இன்னும் பிசைய வேண்டும், அல்லது இருபது நிமிடம் மூடிவைத்துவிட்டுத் தொடர வேண்டும்.

சப்பாத்திக்கான ஆட்டாவில் செய்பவர்களின் ஏமாற்றத்துக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. கல்லில் அரைபட்ட ஆட்டாவில் நசுங்கிய ஸ்டார்ச் அதிகம். ஈஸ்ட்டுக்குத் தீனிக்குக் குறைவே இல்லை. ஆனால் தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் வலையை ஆங்காங்கே கிழித்துவிடும், தண்ணீரையும் அதிகம் குடிக்கும். பாதி மைதா கலந்து, கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி, மாவை அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிசைந்தால் நல்ல பலன் கிடைக்கும். மைதா பீட்சாவின் உயரத்தை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

இட்லி மாவு குளூட்டன் இல்லாமலேயே பொங்குகிறதே என்று கேட்கலாம். அங்கே நடப்பது வேறு. பெரும்பகுதி வாயுவை விடுவது லியூகோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. பிடித்துவைப்பது உளுந்தின் புரதமும் அதன் வழவழப்பான பசைப்பொருளும். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970-களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இட்லி மாவைக் கணிக்கும் கைப்பழக்கத்தைப் பீட்சா மாவுக்கு அப்படியே கொண்டுவந்தால் தவறும். இட்லி மாவு இரவு முழுக்கத் தாங்கும். ஏழு கிராம் ஈஸ்ட் போட்ட மைதா தாங்காது.

சில சின்னச் சங்கதிகள். பூண்டை அரைத்து மாவிலேயே சேர்த்துப் பிசைபவர்கள் உண்டு. பச்சைப் பூண்டின் கந்தகச் சேர்மங்கள் ஈஸ்ட்டையும் தடுக்கும், குளூட்டனையும் தளர்த்தும். பூண்டு மேலே போகட்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் வழக்கமான அளவில் ஈஸ்ட்டை ஒன்றும் செய்துவிடாது. ஆர்.ஓ. தண்ணீரில் தாதுக்கள் குறைவு என்பதால் மாவு சற்று ஒட்டும். கொஞ்சம் தண்ணீரைக் குறைத்தால் சரியாகும். விரிக்கும்போது மாவு மறுபடி மறுபடி சுருங்கிக்கொண்டால் அதற்கும் ஈஸ்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை, குளூட்டன் இறுகியிருக்கிறது. கால் மணி நேரம் மூடிவைத்தால் இளகிவிடும்.

கடைசிக் கட்டம் அடுப்பு. நேப்பிள்ஸின் விறகடுப்பு 485 டிகிரியில் 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சாவை முடித்துவிடுகிறது. வீட்டு ஓவன் பெரும்பாலும் 250-உடன் நின்றுவிடும். மாவு சூடேறும் முதல் சில நொடிகளில் ஈஸ்ட் கடைசியாக ஒருமுறை வேகமெடுத்து, 60 டிகிரியை நெருங்கும்போது முழுதாக அடங்கிவிடும். அதற்குப் பிறகு ஓரம் உப்புவது ஈஸ்ட்டால் இல்லை. ஈரத்தில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும், குமிழிக்குள் இருக்கும் வாயு விரிவதும், எத்தனாலும் தண்ணீரும் ஆவியாவதும்தான் காரணம். ஓவன் சரியாகச் சூடேறாமல் பீட்சாவை உள்ளே தள்ளினால், விரிவதற்கு முன்பே மேல்தோல் காய்ந்து இறுகிவிடும். அரை மணி நேரமாவது முழுச் சூட்டில் வைத்து, உள்ளே ஒரு கனமான இரும்புத் தோசைக்கல்லையும் சேர்த்துக் காயவைத்தால் வித்தியாசம் தெரியும். ஓவன் நன்றாகச் சூடாகியும் மேல்தோல் வெளுத்தே இருக்கிறது, சாராய வாடை லேசாக அடிக்கிறது என்றால் மாவு அளவுக்கு மீறிப் புளித்திருக்கிறது. சிவப்பதற்கு வேண்டிய சர்க்கரையை ஈஸ்ட் முன்பே தின்றுவிட்டது.

கெட்டுப்போனதாகத் தோன்றும் மாவைத் தூக்கிப்போடத் தேவையில்லை. ஈஸ்ட் செத்ததால் அசையாமல் கிடக்கும் மாவுக்கு, நுரைத்துக் காட்டிய புது ஈஸ்ட்டைக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துச் சேர்த்து மறுபடி பிசைந்தால் போதும். ஒட்டினால் ஒரு பிடி மாவு கூட்டலாம். பொங்கி அமுங்கிய மாவை, புளிப்பு அதிகம் ஏறாதவரை, காற்றை வெளியேற்றி மறுபடி உருட்டி முக்கால் மணி நேரம் வைத்து, எண்ணெய் தாராளமாக விட்ட தட்டில் பரப்பிக் கனமான ரொட்டியாகச் சுடலாம். அதற்கும் தாங்காமல் தொளதொளத்தால் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, அடுத்த நாள் பிசையும் புது மாவின் எடையில் பத்து முதல் இருபது சதவீதம் வரை அதைக் கிள்ளிப்போட்டுச் சேர்க்கலாம். அதிலேயே உயிருள்ள ஈஸ்ட் நிறைய இருக்கும் என்பதால், புது மாவுக்கான பாக்கெட் ஈஸ்ட்டை அன்றைக்குப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.